சந்தனப் பொட்டு வைத்த போன்

செப்டம்பர் 8, திங்கள்

பால் ஒரு லிட்டர். அரைக்கீரை ஒரு கட்டு. தேங்காய் இரண்டு, ஒன்று அழுகல். நாளைக்கு மாற்றி வாங்க வேண்டும்.

காலையில் இவருடைய போன் துணி துவைக்கிற கல்லின் மேல் விழுந்து கண்ணாடி உடைந்துவிட்டது. கை தவறியது. யாருக்கும் தவறும். போன வாரம் எனக்கே எண்ணெய்க் கிண்ணம் தவறியது.

கீறல் மேல் மூலையில் தொடங்கிக் கீழே வரைக்கும் போகிறது. போனைத் திறந்ததும் தெரிகிற படம் பழனியாண்டவர், ராஜ அலங்காரம். எங்கள் மகள் மேகலா தைப்பூசத்தன்று வைத்துக் கொடுத்தது. கீறல் சரியாக ஆண்டவன் நெற்றியில் ஏறி, மார்பு வழியாக இறங்கி, கையில் இருக்கிற வேலாயுதத்தை இரண்டாக்கிவிட்டது. உடைந்த கண்ணாடி வீட்டுக்கு ஆகாது. சாமி படத்தின் கண்ணாடி உடைந்தால் கோயில் அரச மரத்தடியில் வைத்துவிட்டு வந்துவிடுவோம். போனை எந்த மரத்தடியில் வைப்பது?

இவரிடம் சொன்னேன்.

"வெச்சுட்டு வா அம்மிணி. நாளைக்கு ஸ்கூல் பிள்ளைகளுக்கெல்லாம் பிள்ளையாரே மிஸ்டு கால் குடுக்கட்டும்" என்றார்.

செப்டம்பர் 10, புதன்

இவர் தொழிலுக்கு போன்தான் பாதி வண்டி. உடுமலையில் வேன் நாட்ராயன் என்றால் தெரியாத தெரு இல்லை. காலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தெரு முன்னாலேயே வண்டியை ஓரங்கட்டி, அந்த வீட்டு அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரு ரிங், உடனே கட். அவள் பிள்ளையையும் பையையும் தண்ணீர் பாட்டிலையும் இழுத்துக்கொண்டு வாசலுக்கு வர, வேன் வந்து நிற்கும். இத்தனை வருஷத்தில் ஒரு தாயும் வெயிலில் காத்து நின்றதில்லை.

இன்று என் பட்டன் போனுக்குச் சுகன்யா கூப்பிட்டாள். எல்கேஜி யாழினியின் அம்மா.

"அக்கா, அண்ணன் எனக்கு மிஸ்டு காலே குடுக்கலீங்க. வேன் வந்து ஹாரன் அடிக்குது, இவ வாயில பிரஷ்ஷோட நிக்கறா. நேத்து என்னடான்னா மூணு தரம் கால் வந்துது. ஓடியாந்து பாத்தா வேனையே காணோம். நைட்டியோட எதுக்குடி வாசல்லயே நிக்கறேன்னு எங்க மாமியா கேக்கறாங்க."

சுகன்யாவுக்குப் போட வேண்டியது, பேரனை வேனில் அனுப்புகிற வாத்தியார் வீட்டுக்கும், வாத்தியார் வீட்டுக்குப் போட வேண்டியது சுகன்யாவுக்கும் போயிருக்கிறது. கண்ணாடி உடைந்ததால், விரலை ஓரிடத்தில் வைத்தால் போன் வேறிடத்தில் எடுக்கிறது போலிருக்கிறது. இவரும் அதையேதான் சொல்கிறார்.

செப்டம்பர் 11, வியாழன்

இவர் பத்து நாளாகக் காபி அரை டம்ளர் போதும் என்கிறார். பித்தமாம். பால் மிச்சமாகிறது. உறைக்கு ஊற்றிவிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

பூ இரண்டு முழம். கற்பூரம். விளக்குத் திரி.

இவர் காலை டிரிப் முடித்துப் படுத்திருந்தபோது போனை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பர்வீன் கடைக்குப் போனேன். மேகலாவோடு பள்ளிக்கூடத்தில் படித்த பெண். அவளும் வீட்டுக்காரரும் சேர்ந்து கடை வைத்திருக்கிறார்கள்.

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு படத்தை விரலால் அழுத்திப் பிடித்து, மேலும் கீழும் இழுத்தாள். கீறலின் மேலேயும் அது நிற்காமல் ஓடியது.

"டச்சு நல்லாத்தான் இருக்குதுங்கக்கா. கண்ணாடி மட்டும்தான் போயிருக்குது."

"இல்ல பர்வீனு, ஒருத்தருக்குப் போட்டா இன்னொருத்தருக்குப் போகுதாம்."

"நீங்களே போட்டுப் பாருங்க."

மேகலாவுக்குப் போட்டேன். மேகலாவுக்குத்தான் போனது. வேலை நேரத்தில் ஏன் கூப்பிடுகிறாய் என்று திட்டினாள்.

பர்வீன் இரண்டு வழி சொன்னாள். கண்ணாடி மாற்றினால் மூவாயிரத்துச் சொச்சம். ஆனால் போன் பழசு, அடுத்து பேட்டரி போகும். இல்லாவிட்டால் தீபாவளி ஆஃபருக்குக் கொஞ்ச நாள் பொறுத்து, இதைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுத்துக்கொள்ளலாம். எதுவானாலும் அதுவரைக்கும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். நான் கடையில் உட்கார்ந்து நிதானமாகத் தொட்டேன், அதனால் எடுத்தது. இவர் வண்டியில், அவசரத்தில். அதுவும் ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய விரல். மெல்லிசு விரலுக்கு எடுக்கிற போன் காய்ப்பு விரலுக்கு எடுக்காமல் இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஓசூரிலிருந்து மேகலா வீடியோவில் வந்தாள். இவர் போனைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"அப்பா, ஏன் இந்த ஆட்டு ஆட்டறீங்க? எனக்குத் தல சுத்துது. பஸ்ல உக்காந்து பேசறாப்பல இருக்குது."

"போனு அப்படிக் கண்ணு. அடிபட்டதுல உள்ள ஏதோ கழண்டிருச்சு."

"போனு ஆடுமாப்பா? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க. நான் அனுப்பறேன்."

"பழசாச்சுன்னா தூக்கிப் போட்டறதா? உங்கம்மாகிட்ட சொல்லிப் பாரு."

சிரித்தாள். பிறகு நான் போனை வாங்கி அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தேன். அதன் பிறகு படம் ஆடவில்லை. அடிபட்ட போனைச் சாய்த்து வைத்தால் நின்றுவிடும் போலிருக்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

நல்லெண்ணெய் அரை லிட்டர். தீப்பெட்டி.

இன்று இவருக்கு நான்தான் திருநீறு இட்டுவிட்டேன். மாலை போட்ட காலத்திலும் சரி, காய்ச்சலில் கிடந்தபோதும் சரி, தன் நெற்றிக்கு அடுத்தவர் கையை விட்டதில்லை. மூன்று விரலை நனைத்து ஓர் இழுப்பு இழுத்தால் கோடு அச்சில் வார்த்தது போல நிற்கும். இந்த வாரமெல்லாம் கோடு ஒன்றோடொன்று கலந்து புருவத்தில் இறங்குகிறது. நேற்று, "என்னங்க, ஆத்துல அலையடிக்கறாப்பல இட்டிருக்கறீங்க" என்று கேலி செய்தேன். சிரிக்கவில்லை. இன்று காலை சாமி ரூமில் திருநீற்றுத் தட்டைத் தூக்கி என்னிடம் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இட்டேன். சட்டையில் மேல் பொத்தான் போட்டிருக்கவில்லை. அதையும் போட்டுவிட்டேன்.

பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று கிளம்பிவிட்டார்.

செப்டம்பர் 24, புதன்

ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, சந்தன வில்லை வாங்க வேண்டியிருந்தது. காலை டிரிப் முடிந்ததும் என்னை வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். ரொம்ப நாள் கழித்து முன் சீட்டில் உட்கார்ந்தேன். பழைய வண்டி, இன்ஜின் ஓடினால் எல்லாம் ஆடுகிறது. கண்ணாடி ஆடுகிறது, கியர் ராடு ஆடுகிறது, முருகன் படத்தில் தொங்குகிற பாசிமணி ஆடுகிறது, அவர் கையும் ஆடுகிறது. அதில் ஒன்றும் அதிசயம் இல்லை.

ரயில்வே கேட் போட்டிருந்தது. இன்ஜினை அணைத்தார். கியர் ராடு நின்றது. பாசிமணி இரண்டு தரம் அசைந்து அதுவும் நின்றது.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொய்யாப்பழம் என்ன விலை என்று ஒருத்தியைக் கேட்டேன். வாங்கவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

காலாண்டுப் பரீட்சை முடிந்தது. பள்ளிக்கூடம் இனி அக்டோபர் ஆறாம் தேதிதான்.

சாயந்திரம் கடைசி டிரிப் முடித்து வருகிறபோது பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்து தொங்கியது. எங்கள் தெரு முனையில் மின்கம்பத்தில் உரசிவிட்டதாம். கம்பம் இத்தனை வருஷமாக அங்கேதான் இருக்கிறது.

பிள்ளைகள் எல்லாரும் இறங்கிய பிறகுதான். நான் இரண்டு தரம் கேட்டேன். இறங்கிய பிறகுதான் என்றார். முருகா, இறங்கிய பிறகுதான்.

உடைந்த கண்ணாடியை வீட்டில் வைத்ததால்தான் இன்னொரு கண்ணாடி உடைந்தது. போனை நான் அன்றைக்கே மாற்றியிருக்க வேண்டும். இந்தத் தப்பு என்னுடையது. பழனிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்தேன். எதற்கு என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

தூக்கம் சரியில்லை. ரிப்பேரா, புதுசா? மேகலா புதுசு என்கிறாள். இவர் ரிப்பேர் என்கிறார். என்னைக் கேட்டால், புதுசு வாங்கிவிட்டால் என்ன ஆகும் என்றுதான் பயமாக இருக்கிறது. இந்தக் கீறல் போன் இருக்கிறவரைக்கும் எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

இந்தக் கடைசி வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். தாளை வீணாக்க மனமில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை.

வாழைக்கன்று இரண்டு, பூசணிக்காய் ஒன்று, எலுமிச்சை ஐந்து, சாமந்தி, பொரி.

வண்டியைக் கழுவி, மாலை போட்டு, ஸ்டியரிங், ஜாக்கி, ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். சாவியைத் தட்டில் வைத்தேன். அப்போதுதான் போன் ஞாபகம் வந்தது. அதுவும் ஆயுதம்தானே? அது இல்லாவிட்டால் ஒரு பிள்ளை வண்டி ஏறுமா? ஈரத் துணியால் நன்றாகத் துடைத்து, நடுவில், ஆண்டவன் நெற்றியில் கீறல் ஏறுகிற இடத்தில், நிறையச் சந்தனம் குழைத்து ஒரு பொட்டு வைத்தேன். கீறலை மூடினால் போதும் என்று இருந்தது. சாவிக்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன்.

கற்பூரத் தட்டைப் பற்ற வைத்து இவரிடம் நீட்டினேன். ஒவ்வொரு வருஷமும் வண்டிக்கு இவர்தான் காட்டுவார். தட்டை வாங்கவில்லை.

"நீயே காட்டு அம்மிணி."

பொரி வாங்க வந்து நின்ற சென்னியப்பன், "என்னங்கண்ணா, இந்த வருசம் அக்கா ஆட்சியா?" என்றான். முன்பு இவரிடம் வண்டி பழகியவன். இப்போது கூப்பிடுகிற வண்டிக்கெல்லாம் ஆக்டிங் டிரைவராகப் போகிறான்.

"என்னைக்குடா எங்க ஆட்சியா இருந்துச்சு?" என்றார் இவர். எல்லாரும் சிரித்தோம். நான் காட்டினேன். சுடர் ஆடாமல் நின்று எரிந்தது.

நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சை வைத்து வண்டியை ஏற்றுகிற நேரம் வந்தது. இவர் சென்னியப்பன் தோளில் கை வைத்து, "நீ ஏத்துடா" என்றார். பூஜையில் வைத்த சாவியை அடுத்தவனிடம் எடுத்துக் கொடுத்தது இதுதான் முதல் தரம்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. காலையில் சாமி கும்பிட்டுவிட்டு போனை எடுத்தேன். திறக்கவில்லை. கறுப்பாக இருந்தது. சந்தனம் காய்ந்து கீறலுக்குள் மஞ்சள் நூல் மாதிரி இறங்கியிருந்தது. பர்வீன் தண்ணீர் படக் கூடாது என்று சொன்னது அப்போதுதான் உறைத்தது.

வாத்தியார் வீட்டு நம்பர், சுகன்யா நம்பர், எல்லாருடைய நம்பரும் அதற்குள். பள்ளிக்கூடம் திங்கட்கிழமை திறக்கிறது.

"சாமிக்கு வெச்ச பொட்டுங்க" என்று அழுதுவிட்டேன்.

இவர் போனை வாங்கி வேட்டியில் துடைத்தார். "விடு. சாமியே ரிப்பேரு வேண்டாமுன்னு சொல்லிருச்சாட்ட இருக்குது" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

விஜயதசமிக்குச் சாவியை எடுத்து ஒரு நடையாவது ஓட்ட வேண்டும். சாயந்திரம் வரைக்கும் எடுக்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

இரண்டு பேரும் பர்வீன் கடைக்கு நடந்தே போனோம். வண்டியில் போகலாமே என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பர்வீன் பழைய போனைப் பிரித்துப் பார்த்து, "உள்ள பூரா சந்தனமுங்கக்கா. திறந்ததும் கோயில் வாசம்" என்றாள். இனி அதை ரிப்பேர் செய்வது புதிது வாங்குவதைவிட அதிகம் இழுக்கும். தீபாவளி வரைக்கும் காத்திருக்கவும் முடியாது. மேகலா அனுப்பியதோடு சேர்த்துப் புதிதே எடுத்தோம். நம்பரெல்லாம் எங்கேயோ ஆகாயத்தில் பத்திரமாக இருந்ததாம். ஒன்றுவிடாமல் வந்து இறங்கின, பழனியாண்டவர் படமும்.

அப்புறம் பூட்டு வைக்கிற வேலை. விரலை வைத்தால் திறக்குமாம்.

"அண்ணா, இந்த வட்டத்துல கட்டை விரல வைங்க. அசைக்காம."

வைத்தார். போன் மறுபடி வைக்கச் சொன்னது. வைத்தார். விரலை அசைக்காதே என்று அதில் எழுத்து வந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வைத்தார். மறுபடி வை என்றது. கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பர்வீன் எழுந்து போய் அதை நிறுத்தினாள். ஏன் நிறுத்தினாள் என்று தெரியவில்லை. அமைதியில் அவர் மோதிரம் கண்ணாடி மேசையில் டக் டக் என்று தட்டுவது நன்றாகக் கேட்டது.

"எல்லாருக்கும் ஒடனே எடுக்காதுங்கண்ணா" என்றாள் பர்வீன், போனையே பார்த்துக்கொண்டு. "அக்கா, நீங்க வைங்க."

வைத்தேன். பச்சை வட்டம் நிரம்பிவிட்டது.

பழைய போனை அவள் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன். உடைந்தது வீட்டில் இருக்கக் கூடாது என்பார்கள். இருந்தால் என்ன? என் புடவை அடுக்கில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நாளைக்காக மிஸ்டு கால் போட்டுப் பார்க்கிறேன் என்று போனைக் கேட்டார். என் விரலை வைத்துத் திறந்து கொடுத்தேன். என் பட்டன் போனுக்குத்தான் முதலில் போட்டார். அது அடிக்கவில்லை. எங்கேயோ ரிங் போய், "அண்ணா? இன்னைக்கு ஞாயித்துக்கெழமைங்க!" என்று சுகன்யாவின் குரல் கேட்டது. கட் செய்யப் பார்த்தார். அதற்குள் இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டது.

போனைக் கட்டிலில் வைத்தார். கண்ணாடியில் ஒரு கோடு இல்லை. ஆண்டவன் முகம் முழுசாகத் தெரிந்தது.

"இந்த போனும் சரியில்ல அம்மிணி. பர்வீனுகிட்டச் சொல்லி மாத்திக் குடுக்கச் சொல்லு."

சரிங்க என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் அவர் நாளைக் காலையில் கிளம்பியிருப்பார். யாழினி முன் சீட்டுக்குப் பின்னால், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளை. உட்காரச் சொன்னால் உட்காராது.

"போனு நல்லாத்தானுங்க இருக்குது" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் கையை மடியில் மற்ற கைக்குக் கீழே வைத்துக்கொண்டார். அங்கேயும் அது நிற்கவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"நீங்க அரை டம்ளர் காபி கேட்டப்பவே."

"ஒரு வார்த்த சொல்லுலியே?"

"நீங்களும்தான் சொல்லுலீங்க."

"சொல்லிட்டா அப்புறம் வண்டிய நிறுத்தோணும் அம்மிணி." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு அந்தக் கம்பத்துல இடிச்சப்ப... நான் திருப்பலாமுன்னுதான் நெனச்சேன். கை வர நேரமாச்சு."

"பிள்ளைக எறங்குன பொறவுதானுங்களே?"

கட்டிலில் கிடந்த போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு மெதுவாக, "வாத்தியார் பேரன் மட்டும் இருந்தான்" என்றார். "அவனுக்கு ஒண்ணுமில்ல. சிரிச்சுட்டு எறங்கிப் போனான்."

நான் எழுந்து சாமி ரூமுக்குப் போனேன். கும்பிடத் தோன்றவில்லை. தட்டில் இருந்த சாவியைப் பார்த்துவிட்டு, அதை எடுக்காமல், விளக்குக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு வந்தேன்.

சென்னியப்பனுக்கு என் பட்டன் போனில் பேசினேன். நாளைக்கு மட்டுமா என்றான். நாளையிலிருந்து என்றேன். "சரிங்கக்கா. அண்ணன்கிட்ட நான் ஒண்ணும் கேக்கலீங்க. காலைல வந்து சாவி வாங்கிக்கறேன்" என்றான்.

வேன் அம்மாக்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி போட வேண்டும். நான் ஐந்தாவதோடு நின்றவள். பொட்டலம் கட்டி வந்த பேப்பரைப் படித்துப் படித்துப் பழகிய எழுத்து. போனில் தமிழ் தட்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வண்டி ரிப்பேருன்னு போட்டுரு."

வ தட்டினேன். அதற்கு மேல் விரல் ஓடவில்லை.

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்களே."

"அப்ப என்னன்னு போடுவே?"

தட்டித் தட்டி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. "எங்கள் வீட்டுக்காரருக்குக் கை நடுக்கம் இருக்கிறது. கோயம்புத்தூர் நரம்பு டாக்டரிடம் காட்டப் போகிறோம். நாளை முதல் வண்டியைச் சென்னியப்பன் ஓட்டுவார். மிஸ்டு கால் அவரே கொடுப்பார். பிள்ளைகளை அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் விருப்பம். மயிலாத்தாள்."

அவரிடம் படித்துக் காட்டினேன். மறுபடி ஒரு தரம் படிக்கச் சொன்னார்.

"நடுக்கத்துக்கு ரெண்டு சுழி னாவா, மூணு சுழியா?"

"ரெண்டுமில்லீங்க. டண்ணகரமே வராது. தந்நகரம்."

"பாத்தியா, எழுதற அளவுக்குப் பெரிய வியாதிகூட இல்ல" என்று சிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. துடைக்கக் கையைத் தூக்கினார், பிறகு இறக்கிக்கொண்டார். முந்தானையால் நான் துடைத்தேன்.

அனுப்புகிற பொத்தானில் என் விரலைக் கொண்டுபோனபோது, "இரு" என்றார். போனை வாங்கிக்கொள்ளவில்லை. நான் பிடித்திருக்க, அவர் விரலைக் கொண்டுவந்தார். முதலில் வேறெதிலோ பட்டு ஒரு பொம்மை முகம் வந்தது. அதை அழித்தேன். மறுபடி கொண்டுவந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. பிடிக்கத்தான் கை போனது.

சரியாக விழுந்தது. போய்விட்டது.

அக்டோபர் 6, திங்கள்

பால் ஒரு லிட்டர்.

சென்னியப்பன் விடியும்போதே வந்து சாவி வாங்கிப் போனான். வாத்தியார் வீட்டில் அனுப்பவில்லை. யாழினி போனாள். வேன் தெருவைத் தாண்டுகிறவரைக்கும் இவர் வாசலில் நின்றிருந்தார்.

வியாழக்கிழமை கோயம்புத்தூர். பஸ்ஸில் போகிறோம்.

காபி முழு டம்ளர் கொடுத்தேன். தட்டிலும் சட்டையிலும் சிந்தியது. துடைத்துவிட்டு, சிந்தின அளவுக்கு மறுபடி ஊற்றினேன். குடித்தார்.